ஆறில்லாத ஊரும் அதன் ஏரிகளும்

நம் சங்கத்து ஆண்டு விழா மலரில் கரிகாலன் கல்லணையைப் பற்றியும் வீராணத்து ஏரியைப் பற்றியும் கட்டுரைகள் பன்முறை வந்துள்ளன. அவற்றைப் படித்துப் பெருமிதம் கொண்ட நாம், நாம் குடியிருக்கும் பெங்களூரின் ஏரிகளைப் பற்றி ஒருமுறையேனும் எழுதினோமில்லை. பிறந்த மண்ணின் நீரைப் பாடுவோம். குடிபுகுந்த மண்ணின் நீரைக் குழாயைத் திறந்து பிடித்துக்கொள்வோம். நம்முடைய வழக்கம் அவ்வாறு அமைந்துவிட்டது. இவ்வாண்டு மலருக்கென ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபொழுது, அக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் தோன்றியவை. தில்லிக்கு யமுனையும் கல்கத்தாவுக்கு ஊக்ளியும் நம் மதுரைக்கு வையையும் உண்டு. பெங்களூர் அத்தகைய ஊர் அன்று. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முதுகின்மேல் அமர்ந்த ஊர் அது. அம்முதுகின் மேற்குச் சரிவில் விழும் மழைத்துளி விருஷபாவதி என்னும் சிற்றாற்றின் வழியாக அர்க்காவதியை அடைந்து காவிரியிற் கலக்கும். கிழக்குச் சரிவில் விழும் துளியோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, வடமொழியில் தட்சிண பினாகினி என்று பெயர் பெற்ற தென்பெண்ணையைச் சேரும். ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளின் கூரைநீர் இரு வேறு ஆறுகளுக்குச் செல்லும் இடங்களும் இந்நகரில் உண்டு. தென்பெண்ணையின் பெயரை அன்பர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னால் அதனிடம் நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

ஓடும் ஆறு இல்லாத இடத்தில் பெய்யும் மழையை நிறுத்திவைத்தாலன்றி வாழ வழியில்லை. ஆகவே இம்மேட்டு நிலத்து மக்கள் பள்ளத்தாக்குகளின் குறுக்கே மண்கரை எழுப்பி ஏரிகளைச் சமைத்தனர். ஒன்றன் கீழ் ஒன்றாக, மணிகளைக் கோத்தது போல அவை அமைந்தன. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழிந்து வாய்க்காலில் இறங்கிக் கீழேரியை அடையும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. அவ்வாய்க்காலுக்குக் கன்னட மக்கள் இட்ட பெயர் இராஜகாலுவே. மதகைத் திறந்து மூடி, எவர் வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று பங்கிட்டு விட நீர்கண்டி என்றொரு ஊர்ப் பணியாளன் இருந்தான். நம் நாட்டில் நீர்க்கட்டி, நீராணிக்கன் என்றெல்லாம் வழங்கும் அதே பணி. கோடையில் வற்றிய ஏரியின் வண்டலை உழவர்கள் வண்டியில் அள்ளித் தம் வயலுக்கு உரமாக இட்டனர். வயலுக்கு உரமும் ஏரிக்கு ஆழமும் ஒரே வேலையால் கிடைத்தன. அரசனுடைய ஆணையைக் காட்டிலும் இந்த ஆண்டுதோறும் செய்யும் சிறு வேலைதான் ஏரியைக் காத்தது என்று நாம் கருதுகிறோம்.

இவ்வேரிகளின் வரலாற்றில் தமிழுக்கும் இடமுண்டு. டோம்லூரில் உள்ள சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட போசள வீர இராமநாதன் காலத்தவை அவற்றுட் சில. கோயிலுக்கு நிலம் விட்ட செய்தியைக் கூறும் ஒன்று விண்ணமங்கலத்து ஏரியைக் குறிக்கிறது. பின்னமங்கலம் என்ற பெயர் இந்திராநகர்ப் பக்கத்தில் இன்றும் வழங்குகிறது. கெம்பே கௌடர் 1537இல் மண்கோட்டை கட்டிப் பேட்டையை நிறுவுவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே இங்கே ஏரி இருந்தது, அதற்குத் தமிழில் எழுத்துச் சான்றும் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். கெம்பே கௌடரும் அவர் வழிவந்தோரும் புதிய ஊருக்கென ஏரிகளைக் கட்டினர். தர்மாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி ஆகியவை பேட்டையைச் சூழ்ந்து நின்று குடிநீரும் தோட்டநீரும் அளித்தன.

1809இல் ஆங்கிலேயர் அல்சூர்ப் பக்கம் தண்டு அமைத்தனர். கண்டோன்மெண்டுக்கு அன்று மக்களிடம் வழங்கிய பெயர் அதுவே. தண்டோடு வட ஆற்காட்டிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் வந்தனர். சிப்பாய்களாகவும் சமையற்காரராகவும் வண்டிக்காரராகவும் கட்டட வேலையாளராகவும் வந்தவர்கள் அவர்கள். அவர்கள் துணி துவைத்ததும் மாடு கழுவியதும் தெப்பம் விட்டதும் அல்சூர் ஏரியில்தான். அந்நாளில் ஆட்சியாளரும் ஏரியின் பயனை அறிந்தே இருந்தனர். கண்டோன்மெண்டின் தேவைக்கென மில்லர் ஏரிகள் எழுந்தன; 1882இல் பொறியாளர் சாங்கி தம் பெயரால் விளங்கும் ஏரியைக் கட்டினார். அதாவது, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாய் வரையில் ஊர் பெருகப் பெருக ஏரியும் பெருகிற்று.

அந்தப் போக்கு எப்பொழுது திரும்பியது? ஆலைகள் வந்தபொழுது என்று பலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆலைகளுக்கும் முன்னே வந்தது ஒரு குழாய்.

1870களின் கடும் பஞ்சம் ஏரிகளை நம்பிய ஊரை அலைக்கழித்துவிட்டிருந்தது. அதன் நினைவு மாறாத நாளில், நகருக்கு வடமேற்கே அர்க்காவதியின்மேல் உள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீராவிப் பொறியால் நீரை ஏற்றிக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டம் 1894இல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அக்கால மைசூர் அரசின் அருஞ்செயல்களுள் அது ஒன்று. காலராவுக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள் வீட்டு வாயிலில் தெளிந்த நீரைக் கண்டு மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை நாம் குறைகூற முடியாது. ஆயினும் அன்றே ஏரிக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு அறுந்தது. குடிக்கிற ஏரியில் அழுக்கைக் கலக்க எவரும் விடமாட்டார். குடியாத ஏரியை எவர் காவல் காப்பார்? நீர்கண்டிக்குப் பின்வந்த அதிகாரிக்கு அது வெறுந் தேங்கல் நீர். 1898இல் பிளேக் நோய் நகரைத் தாக்கியது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்ற அறிவும் அதே ஆண்டுகளில் உலகிற்குக் கிட்டியது. அறிவு நல்லதே, ஆனால் இங்கே அதன் விளைவு, ஏரி என்றாலே நோயின் பிறப்பிடம் என்ற எண்ணம் அலுவலகக் கோப்புகளில் வேரூன்றியதாகும். வற்றச்செய்தால் கொசுவும் ஒழியும், மனையும் கிடைக்கும்!

ஹெசரகட்டா 1920களில் வறண்டது. 1933இல் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது. அதுவும் போதாமற்போக 1974இல் காவிரி வந்தது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு மின்பொறிகளால் ஏற்றப்பட்ட நீர். ஒவ்வொரு முறையும் இன்னும் தொலைவு, இன்னும் உயரம். ஒவ்வொரு முறையும் உள்ளூர் ஏரிக்கு மதிப்பு ஒரு படி குறைவு.

சம்பங்கி ஏரியின் கதையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். பேட்டைக்கும் தண்டுக்கும் இடையே, இரு ஊர்களுக்கும் பொதுவாகக் கிடந்தது அவ்வேரி. அதன் கரையில் காய்கறியும் பூவும் கீரையும் பயிரிட்டவர்கள் திகளர் என்னும் வன்னிகுல மக்கள். தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் இங்கு வந்து தோட்டக்கலையில் தேர்ந்தவர்கள் அவர்கள். திரௌபதியைத் தெய்வமாகப் போற்றுபவர்கள். நகருக்குக் குழாய்நீர் வந்த பின்னும் அவர்களுடைய தோட்டங்களுக்கு ஏரிநீர் வேண்டியிருந்தது. அதே ஏரியின் அடித்தள மண்ணில் செங்கல் அறுப்போர்க்கோ ஏரி வறண்டிருப்பதே வேண்டியிருந்தது. வளரும் நகருக்குச் செங்கல் தேவை. கீரை வேறு ஊரிலிருந்தும் வரும். இவ்வழக்கில் எவர் வென்றிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ? 1930களின் இறுதிக்குள் ஏரி பெரும்பாலும் வற்றியது. இன்று அவ்விடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆயினும் திகளர் விடவில்லை. சித்திரை முழுமதி நாளையொட்டி நடக்கும் கரகத் திருவிழாவுக்குச் சம்பங்கி ஏரியின் நீர் வேண்டும் என்று நின்றனர். ஆகவே அரங்கத்தின் ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் இன்றும் விடப்பட்டிருக்கிறது. பழைய பேரேரியில் எஞ்சிய துண்டு அது. வழிபாடு காத்த அளவுக்கேனும் வேறெதுவும் அவ்வேரியைக் காக்கவில்லை.

மற்றவற்றை விரைந்து கூறிவிடலாம். தர்மாம்புதி இருந்த இடம் இன்று கெம்பே கௌடப் பேருந்து நிலையம். ஊருக்குப் புறப்படும் நாம் மூட்டை முடிச்சுகளோடு நிற்பது அவ்வேரியின் வயிற்றில். சூளே ஏரி கால்பந்தாட்ட அரங்கமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாயிற்று. செல்லகட்டா ஏரி கோல்ஃப் ஆடுவோர் திடலாயிற்று. கோரமங்கலத்து ஏரியில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுகளுக்கென அடுக்கு வீடுகள் எழுந்தன. விளையாட்டுக்கு இந்நகரில் ஏரிகள் அளித்த கொடை பெரிது.

இனி ஆலைகளுக்கு வருவோம். 1884இல் பஞ்சாலை, கம்பளியாலை, பட்டாலை சேர்ந்த நிறுவனம் ஒன்று இங்கே தோன்றிச் சில ஆண்டுகளில் பின்னி மில்லாயிற்று. 1905இல் சிவசமுத்திரத்து மின்விளக்கு வந்தது. சோப்பும் விளக்கும் செய்யும் தொழிலகங்கள் தொடர்ந்தன. ஆயினும் நம்மை இங்கே அழைத்து வந்தவை அவையல்ல. 1940இல் தோன்றிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், நாடு விடுதலை பெற்றபின் வந்த ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். ஆகியவையுமே. 1941இல் சுமார் 4 இலட்சமாக இருந்த மக்கள்தொகை 1951இல் 8 இலட்சத்தை எட்டியது. பத்தே ஆண்டில் இருமடங்கு! அந்த இரண்டாம் மடங்கில் நம் பெற்றோரும் சேர்ந்தவர்கள்.

விமானத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, நீரில் இறங்கவல்ல கேட்டலினா விமானங்கள் பழுது பார்க்கப்படுவதற்காக இங்கு வந்தன. அவை இறங்கிய இடம் பெல்லந்தூர் ஏரி. விமானம் இறங்குமளவுக்கு அகன்ற, களையில்லாத, தெளிந்த நீர்ப்பரப்பு அன்று அங்கே இருந்தது. அதே ஏரியை இன்று பார்ப்பவர்கள் இச்செய்தியை நம்ப மறுப்பார்கள்.

தொழிற்சாலைகள் ஊழியர்களுக்குக் காலனிகள் கட்டின. வரிசை வரிசையாக வீடுகள், பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல், மாலையில் கோலமிட்ட வாயில்கள். நம் சங்கமும் அவ்வாறான ஒரு காலனியின் நிழலில் பிறந்ததே. காலனியின் பின்புறம் ஓர் ஏரி இருந்தது மூத்தோருக்கு நினைவிருக்கும். தைப்பொங்கல் மறுநாள் குழந்தைகளை அக்கரைக்கு அழைத்துச் சென்று கட்டுச்சோறு உண்டோம். கிராமத்துப் பையன்கள் தூண்டில் போட்டுப் பிடித்த கெண்டையை நம் வீடுகளுக்குக் கொணர்ந்து விற்றனர். 1970களின் நடுவில் ஒரு கோடையில் ஏரியின் ஓரம் ஊதா நிறம் படிந்தது. மேலே சிறு சாயப்பட்டறை ஒன்று வந்திருந்தது. முறையிட்டோம். அலுவலகம் ஒன்று மற்றோர் அலுவலகத்தைக் காட்டியது. இரண்டாம் ஆண்டில் மீன் செத்து மிதந்தது. மூன்றாம் ஆண்டில் நாம் கரைக்குச் செல்வதை நிறுத்தினோம். முறையிடுவதையும் நிறுத்தினோம் என்பதையும் ஒளிக்காமற் கூறவேண்டும்.

அதைவிடக் கூச்சமான செய்தி ஒன்றுண்டு. ஓய்வுபெறும் காலம் நெருங்கியபொழுது காலனி வீட்டை விடவேண்டிய நம்முட் பலர் மனை தேடினோம். மலிவாகக் கிடைத்த மனைகள் ஏரிக்கரையின் உட்புறத்தில் இருந்தன. பழைய நிலப் பதிவேட்டில் 'கெரே அங்கள' என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. கெரே என்றால் ஏரி. அங்கள என்றால் முற்றம். நாற்பதாண்டு இங்கு வாழ்ந்த நமக்கு அவ்விரண்டு சொற்களும் தெரியாதவையல்ல. தரகர் வேறு பொருள் கூறினார், நாமும் கேட்டுக்கொண்டோம். அடித்தளம் தோண்டியபோது களிமண்ணும் நத்தைக்கூடும் வந்தன. முதல் ஐந்தாண்டு மழை குறைவாதலால் ஒன்றும் நேரவில்லை. ஆறாம் ஆண்டு ஐப்பசியில் நீர் தன் பழைய முற்றத்துக்குத் திரும்பி வந்தது. குழந்தைகளின் பாடப்புத்தகங்களும் திருமணப் பட்டுச்சேலைகளும் நனைந்த அவ்விரவில் மாநகராட்சியைத் திட்டினோம். ஏரி ஒரு குற்றமும் செய்யவில்லை. அது வீட்டுக்கு வந்தது, அவ்வளவே.

அரசுக்கு இது தெரியாதிருந்ததன்று. 1985இல் லட்சுமணராவ் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. இனி எந்த ஏரியையும் உடைக்கலாகாது, மனையாக்கலாகாது, சாக்கடையைத் திருப்பிவிட வேண்டும், கரைகளில் மரம் வளர்க்க வேண்டும் என்று அக்குழு தெளிவாகப் பரிந்துரைத்தது. அரசும் ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே கோரமங்கலத்து அடுக்கு வீடுகள் கட்டப்பட்டன என்பதை ஆண்டுகளை ஒப்பிட்டால் அன்பர்களே காண்பர்.

எஞ்சிய ஏரிகளுக்கு வேறொரு பணி தரப்பட்டது. அதுவே நகரின் கழிவைத் தாங்கும் பணி. பள்ளத்தை நோக்கி ஓடுவது நீரின் இயல்பு. மழைநீர் இறங்குவதற்கென முன்னோர் வெட்டிய இராஜகாலுவேயே சாக்கடை இறங்கவும் எளிய வழியாயிற்று. நகரின் கழிவுநீரில் ஏறக்குறைய ஐந்தில் இருபங்கு பெல்லந்தூர்ப் பள்ளத்தாக்கை நோக்கிச் சென்றது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்கள் இருந்தும், நகர் வளர்ந்த விரைவுக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தது. அது மடிந்து அடியிற் படிந்தது. நீரில் உயிர்வளி குன்றியது. துணி துவைக்கும் பொடியிலும் பாத்திரம் துலக்கும் குழம்பிலும் உள்ள நுரைக்கும் பொருள் நீரில் சேர்ந்து கனத்தது. மழை பெய்து அடிச்சேறு கலங்கி, நீர் கலிங்கில் உயரத்திலிருந்து விழும்போது காற்றுக் கலந்து வெண்ணுரை பொங்கியது. இந்திய அறிவியல் கழகத்தார் இதனை ஆராய்ந்து கூறியுள்ளனர். 2015ஆம் ஆண்டு நுரை ஆளுயரம் எழுந்து சாலையில் பறந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அந்நுரையிலேயே தீப்பற்றியது. 2017 பிப்ரவரியில் மீண்டும் தீ. 2018 ஜனவரியில் மூண்டதை அணைக்கப் படைவீரர்கள் பெருந்தொகையாக வரநேர்ந்தது. நீர் எரிந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்து, 500 கோடி ரூபாயை ஏரிக்கென ஒதுக்கிவைக்கவும் ஆணையிட்டது. பின்னர் நீரை வடித்துச் சேற்றை வாரும் வேலை தொடங்கியது. நம் அல்சூர் ஏரியிலும் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து ஒதுங்கியதை அன்பர்கள் பலர் நேரிற் கண்டிருப்பர்.

இன்னொன்றையும் கூறவேண்டும். 2022 செப்டம்பரில் பெருமழை பெய்தபோது வெளிவட்டச் சாலையின் புகழ்பெற்ற கணிப்பொறி நிறுவனங்களுக்குச் செல்ல ஊழியர்கள் டிராக்டரில் ஏறினர். பதினெட்டு மாதம் கழிந்து 2024 மார்ச்சில் அதே பகுதியில் குடிநீருக்கு லாரியை எதிர்நோக்கிக் குடத்தோடு நின்றனர். நகரின் அரசு ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14,000இல் பாதியளவு வற்றிவிட்டதாக அரசே அறிவித்தது. வெள்ளமும் வறட்சியும் எதிரெதிர்த் துன்பங்கள் போலத் தோன்றினாலும் இங்கே அவை ஒருவயிற்றுப் பிள்ளைகள். மழையை நிறுத்திவைக்க ஏரி இல்லையெனில் நீர் தெருவில் நிற்கும். தெருவில் நின்ற நீர் நிலத்தினுள் இறங்காது. இறங்காத இடத்தில் கிணறு ஊறாது. நம் காலனியில் 1960களில் முப்பது நாற்பது அடியில் நீர் கண்ட கிணறுகள் இருந்தன. இன்று அப்பக்கத்தில் ஆயிரம் அடிக்கும் கீழே குழாய் இறக்குகிறார்கள்.

இப்பொழுது காவிரிக்கு வருவோம். இப்பேச்சை எடுக்கும்போது நம் சங்கத்தில் குரல் தாழ்வது இயல்பு. 1991 டிசம்பரில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, குழந்தைகளைப் பேசவிடாமல் உட்கார்ந்திருந்த இரவுகளை நாம் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்ததையும் கண்டோம். அவ்விரவுகளில் நம்மைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்த கன்னட அண்டையாரையும் மறக்கவில்லை. நாம் பருகுவதும் அவர் பருகுவதும் ஒரே காவிரி. வயலுக்கென்று ஊரில் உடன்பிறந்தார் கேட்கும் நீரும் அதுவே. இந்த நிலையில் எப்பக்கம் நின்று பேசுவது என்று அறியாமல் பல ஆண்டுகள் வாய் மூடியிருந்தோம்.

ஆயின் அவ்வழக்கில் ஒரு நுட்பம் இருந்தது. 2007இல் தீர்ப்பளித்த காவிரி நடுவர் மன்றம், பெங்களூர் நகரின் மூன்றில் ஒரு பங்கே காவிரிப் படுகையில் உள்ளது என்று கொண்டு நகரின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், குடிநீர் என்பதனால் முழு நகரையும் கருதவேண்டும் என்று கூறி 4.75 டி.எம்.சி. நீரைக் கூடுதலாக அளித்தது. தீர்ப்பு மனிதநேயமுடையதே, குழாயைத் திறந்து வாழும் நாம் மறுக்கமாட்டோம். ஆனால் எஞ்சிய இருபங்கு நகர் எந்தப் படுகையில் உள்ளது என்ற வினா ஒன்று இருக்கிறதே! அதுதான் முன்னே நினைவிருத்தச் சொன்ன தென்பெண்ணை. வீட்டுக்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. 1974இல் நாளொன்றுக்குப் பதின்மூன்றரைக் கோடி லிட்டராகத் தொடங்கிய காவிரிநீர், 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டம் வந்தபின் 220 கோடி லிட்டர் ஏற்றத்தக்க அளவுக்கு வளர்ந்துள்ளது. இவ்வாறு ஒரு படுகையில் ஏற்றிய நீரின் பெரும்பகுதி மற்றொரு படுகையில் அழுக்காக இறங்குகிறது. எவ்வளவு வருகிறது என்று கேட்டுத் தெருவில் நின்றவர்கள் உண்டு. எப்படிப் போகிறது என்று கேட்டு நின்றவர் அரியர்.

நல்ல முயற்சியும் நடவாமலில்லை. 2018 முதல் இப்பள்ளத்தாக்கின் கழிவுநீரைத் தூய்மை செய்து கோலார் மாவட்டத்து வறண்ட ஏரிகளுக்கு ஏற்றுகிறார்கள். அவ்வாண்டே அங்கேயும் ஓர் ஏரியில் நுரை கண்டு வழக்காயிற்று. ஆனாலும் பல ஆண்டு காணாத நீரை ஏரிகளில் கண்ட உழவர்கள் அங்குண்டு. தூய்மையை முழுமையாக்கினால் அது பெருந்தொண்டாகும் என்று எண்ணுகிறோம்.

எஞ்சியது எப்பொழுதும் போல் கிழக்கே இறங்குகிறது. வர்த்தூரைக் கடந்து, தென்பெண்ணையாகி, எல்லை தாண்டி ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் அது தேங்குகிறது. அப்பால் கிருஷ்ணகிரி அணை, அப்பால் சாத்தனூர் அணை, முடிவில் கடலூர்க் கடல். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலை எடுத்து அவரவர் சொந்த ஊரைப் பாருங்கள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, திருவண்ணாமலை, திருக்கோவலூர், பண்ணுருட்டி என்று பாதிப் பெயர்கள் அவ்வாற்றங்கரையிலேயே நிற்கும். காலையில் நாம் காலனியில் துணி அலசிய நீர் நம் தாய்மாமன் வயலுக்குச் செல்லும் வழி அது.

அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளியின் மதகைத் திறக்குந்தோறும் நுரை எழுகிறது. தரைப்பாலத்தின்மேல் அது மலைபோற் குவிந்து போக்குவரத்து நின்றதும் உண்டு. சென்ற ஐப்பசியில் உறவினர் திருமணத்துக்கென ஓசூர் சென்ற நாம் அணைக்குப் போய்ப் பார்த்தோம். நுரை காற்றில் எழுந்து நெல்வயலில் இறங்கிக்கொண்டிருந்தது. வாய்க்காலோரம் முதியவர் ஒருவர் மண்வெட்டியோடு நின்றிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று வினவினார். பெங்களூர் என்றோம். "அப்படியா, தண்ணியும் அங்கேயிருந்துதான் வருது" என்று கூறி, மடையை அடைக்கக் குனிந்தார்.